வேலியோரத்து வரிசைக் கல்

காலக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைங்க அண்ணாச்சி. சீட்டுக்கு அடியில மஞ்சப் பை இருக்கு, மிதிச்சிராதிய. கண்ணாடிச் சாமான் எல்லாம் இல்ல. கல்லு. ஆமா, கல்லுதான். செங்கல் அளவுல போடுத கான்கிரீட் கல்லு, சாம்பல் கலந்தது. கல்லுக்கு என்ன இவ்வளவு பத்திரம்னு கேப்பிய. மூல மழுங்கிப் போச்சுன்னா மிஷின்ல நேரா உக்காராது. ஒரு பக்கம் பாரம் ஏறி வெரசா உடைஞ்சிரும். அதான் சொல்லுதேன்.

இந்தா, ரயில்வே கேட்ட மூடிட்டான், பஸ்ஸு நின்னுட்டு. நெனச்சேன். நான் என்னைக்கு அவசரமாப் போறேனோ அன்னைக்குத்தான் இவனுக்கு ரயில் வரும். மணி என்ன அண்ணாச்சி? பன்னெண்டு பத்தா. ஒரு மணிக்கு பாலிடெக்னிக் லேபப் பூட்டிருவாவ, சனிக்கிழமைலா. திங்கக்கிழமை போனா என்னன்னு மட்டும் சொல்லிராதிய. இன்னைக்கு இருபத்தெட்டாம் நாள். கல்லு போட்டு இருபத்தெட்டாம் நாள் உடைச்சுப் பாத்துக் கொண்டு வரணும்னு பள்ளிக்கூடம் கட்டுத எஞ்சினியர் எழுதியே குடுத்துட்டாரு. பாலிடெக்னிக்ல ஒரு மிஷின் இருக்கு. கல்ல நடுவுல வச்சு மேல இருந்து அமுக்குவாவ. எத்தன பாரத்துல உடையுதோ அதுதான் கல்லோட பலம். மூணு கல்லு உடைக்கணும். மூணும் தாங்குச்சுன்னா எங்கிட்ட இருக்க பதினாலாயிரம் கல்லும் எடுத்துக்கிடுவாவ. தாங்கலன்னா பதினாலாயிரமும் குப்பை. அந்தக் குப்பையோட என் களமும் சேந்து குப்பை. இனி ஒருத்தன் எங்கிட்ட கல்லு கேட்டு வரமாட்டான்.

அந்தச் சாக்கா? ஜன்னல் பக்கம் இருக்கதா? அது வேற. அதக் கேக்காதிய.

எம் பேரு காசிலிங்கம். தெக்க, ஓடைப் பாலம் தாண்டுனதும் வேலி போட்ட களம் ஒண்ணு பாத்திருப்பிய, வாசல்ல வேப்ப மரம் நிக்கும், அது நம்மளுதுதான். எங்கப்பா காலத்துல இருந்து கல்லு போடுதோம். சிமெண்டு, மணல், பொடி ஜல்லி, அவ்வளவுதான் அப்பம். சாம்பல் வந்தது என் காலத்துல. கடக்கரைல பெரிய புகைக்கூண்டு தெரியும்லா, கரண்டு எடுக்குத இடம், அங்க கரி எரியும்போது புகையோட பறக்குத தூள வெளிய விடாமப் பிடிச்சு வச்சிருக்காவ. பிளை ஆஷ்ம்பாவ. நாங்க சாம்பல்னே சொல்லிருவோம். லாரில வரும். அண்ணாச்சி, அத ஒரு தடவ கையில அள்ளிப் பாக்கணும் நீங்க. சிமெண்டும் அதுவும் பக்கத்துல வச்சா எது எதுன்னு நீங்க சொல்லிர முடியாது. அதே நெறம். விரல் இடுக்குல வழுக்கிட்டு ஓடும். சிமெண்டக் கொறச்சு அந்த இடத்துல இதப் போட்டா கல்லு அச்ச விட்டு அலுங்காமக் கழண்டு வரும். மூல உதிராது. மொகம் கோலமாவு பூசுன மாதிரி இருக்கும். எங்கப்பா போட்ட கல்லு ஒண்ணுகூட அந்த மொகத்தோட இருந்ததில்ல, சத்தியமாச் சொல்லுதேன்.

பாத்தா சிமெண்டு, தொட்டா சிமெண்டு. அப்பம் அது சிமெண்டுதான? இதுல புதுசா படிக்க என்ன இருக்கு? எஞ்சினியர் குடுத்த காகிதத்துல கால் பங்குதான் சாம்பல்னு போட்டிருந்துது. நான் கொஞ்சம் கூடுதலாப் போட்டேன். கொஞ்சம்தான். பாதி. முப்பது வருசமா கலவ பாக்குதவனுக்கு காகிதம் எதுக்கு?

யூனியன் பள்ளிக்கூடத்துக்குத்தான் கல்லு. புதுசா ரெண்டு வகுப்பு கட்டுதாவ. நான் ஒருநாள் இடம் பாக்கப் போயிருந்தேன். பழைய கட்டடத்துல பாடம் நடக்கு. பிள்ளைய பூரா வரிசையா செவத்துல முதுகச் சாச்சுத்தான் உக்காந்திருக்குதுவ. டீச்சர் நேரா உக்காருங்கங்கா, நிமிருதுவ, அந்தானைக்குத் திரும்பவும் சாயுதுவ. அது என்ன பழக்கமோ. எனக்கு ஏன் அது ஞாபகத்துல நிக்குன்னே தெரியல, சவத்த விடுங்க.

ஆறு நாள்ல மொத்தக் கல்லையும் போட்டு முடிச்சோம். மொத நாள் போட்டதுல ஒரு வரிசை வேலியோரம் போச்சு, மத்தது நடுக்களத்துல. இப்பம் ஆவுடையப் பத்திச் சொல்லணும். ஆவுடைத்தாய்னு பேரு. கல்லுக்குத் தண்ணி விடுதவ. கல்லு போட்ட மறுநாள்ல இருந்து நனைச்சுக்கிட்டே இருக்கணும்லா, அந்த வேல. மொதல்ல உப்பளத்துல கெடந்தவ. அப்புறம் வடக்க எங்கயோ சாம்பக் கல்லு போடுத கம்பெனில ரெண்டு வருசம் இருந்திருக்கா. அத எங்கிட்ட வேலைக்கு வரும்போதே சொன்னா. நான் கேட்டுக்கிடல. தண்ணி விடுததுக்கு எந்தக் கம்பெனில இருந்தா என்ன?

மொதக் கல்லுக்கு ஏழு நாள் ஆகுத வரைக்கும் தண்ணி விட்டோம். எங்கப்பா காலத்துல இருந்து ஏழு நாள்தான். எங்க போர்ல வருதது உப்புத் தண்ணி, கல்லுக்கு ஆகாது. நல்ல தண்ணி டேங்கர்ல வரணும். அது வந்தா வந்தது, வரலன்னா அன்னைக்குப் பூரா ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்கணும். ஏழாம் நாள் சாயங்காலம் ஆவுடைகிட்ட போதும், நாளைல இருந்து தண்ணி வேண்டாம், ஜல்லி சலிக்கப் போன்னேன். அவ போகல. தண்ணி விடுத ஓஸக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னா. களத்துல எட்டுப் பேரு இருக்காவ, எல்லாருக்கும் கேக்கச் சொன்னா.

"மொதலாளி, சாம்பல் போட்ட கல்லு மெதுவாத்தான் இறுகும். இப்பம் தண்ணிய நிறுத்துனா பாதிலயே நின்னு போவும். இருபத்தெட்டு நாளும் விடணும்."

எட்டுப் பேருக்கு முன்னால அண்ணாச்சி. எனக்கு எப்படி இருக்கும்? நீ தண்ணி விட வந்தியா, எனக்குத் தொழில் சொல்லிக் குடுக்க வந்தியான்னு கேட்டேன். வேற ஒண்ணும் சொல்லல. கொஞ்சம் சத்தமாக் கேட்டிருப்பேன், அது என் குரலு அப்படி. அவ ஓஸச் சுருட்டி வச்சுட்டு சல்லடைய எடுத்துட்டுப் போயிட்டா. அத்தோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

மறுநாள் எஞ்சினியர் ஏழு நாள் கல்லுன்னு மூணு எடுத்துட்டுப் போய் உடைச்சாரு. வேண்டியதுல பாதிகூடத் தாங்கல. ஆனா அவரு ஒண்ணும் கோவப்படல. சாம்பல் கலந்தா ஏழு நாள்ல பலம் தெரியாது, இருபத்தெட்டுல பாப்போம், அப்பம் தேறிரும்னாரு. பேரு செல்வின், நல்ல மனுசன். எனக்குப் போன உசுரு திரும்பி வந்துது. அவரு சொல்லிட்டாருலா, தேறிரும்னு. தண்ணியப் பத்தியும் என்னமோ சொன்னாரு, அது எல்லா எஞ்சினியரும் சொல்லுததுதான். நடுக்களத்துல மொத நாள் கல்லா மூணப் பொறுக்கி, நீலப் பெயிண்ட்ல அவரு கையாலயே 'செ'ன்னு எழுதி கீழ ஒரு கோடு இழுத்தாரு. இந்த மூணத்தான் இருபத்தெட்டாம் நாள் லேபுக்குக் கொண்டு போகணும்னாரு. சரின்னேன்.

அதுக்கப்புறம் என் பொழப்பு என்ன தெரியுமா? காலையில எந்திரிச்சதும் நடுக்களத்துக்குப் போயி ரெண்டு கல்ல எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டுவேன். எங்க பக்கத்துல எல்லாரும் அப்படித்தான். கல்லக் கையில எடுத்துட்டா தட்டாமக் கீழ வைக்க மாட்டாவ. நல்ல கல்லு கணீர்னு பேசும். எங்கல்லு மொத்துன்னுது. பத்தாம் நாள் மொத்து. பதினஞ்சாம் நாள் மொத்து. இருபதாம் நாளும் காய்ஞ்ச மண்கட்டி ரெண்டத் தட்டுன மாதிரி அதே சத்தம். சோறு எறங்கல. எங்க வீட்ல என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்ல, வெயிலுன்னேன். வெயிலும்தான் அடிச்சுது. நடுக்களத்துல கல்லு பூரா வெள்ள வெளேர்னு காய்ஞ்சு கெடந்துது. பாக்க அவ்வளவு சுத்தமா இருந்துது, அதையும் சொல்லணும்.

இருபத்தஞ்சாம் நாள் வேலியோரம் போனேன். அந்தப் பக்கம் நான் போறதே இல்ல, கலவ போடுத மிக்சரக் கழுவுத இடம், சகதியாக் கெடக்கும். போனா, வேலியோர வரிசை பூரா ஈரச் சாக்கு போத்திக் கெடக்கு. சாக்கத் தூக்குனா கல்லு பச்சப் பசேல்னு பாசி. ஒரு கல்லு ரெண்டு கல்லு இல்ல அண்ணாச்சி, முன்னூறு கல்லு. எஞ்சினியர் பாத்தா என்ன நெனைப்பாரு? விசாரிச்சா ஆவுடை. மிக்சர் கழுவுத தண்ணிய வெளிய விடாம டிரம்முல பிடிச்சு, தெளிய வச்சு, தெனமும் மத்தியானச் சோத்து நேரத்துல அந்த ஒரு வரிசைக்கு மட்டும் ஊத்தியிருக்கா. டேங்கர் தண்ணில ஒரு சொட்டு எடுக்கல, அத நான் ஒத்துக்கிடணும். ஆனா நான் வேண்டாம்னு சொன்னத எனக்குத் தெரியாம செஞ்சிருக்கா பாருங்க.

கூப்பிட்டேன். எல்லார் முன்னாலயும்தான் கூப்பிட்டேன், அவ எல்லார் முன்னாலயும்தான எனக்குப் புத்தி சொன்னா. முன்னூறு கல்ல நாசமாக்கிட்டியே, உனக்கு என்ன கேடு வந்துதுன்னு கேட்டேன். பாசி தேச்சாப் போயிரும் மொதலாளின்னா. போயிரும்லா, நீயும் அதோட போன்னேன். இன்னும் ரெண்டு மூணு வார்த்த வந்துது, இப்பம் அது எதுக்கு. அவ அழல. அழுதிருந்தா விட்டிருப்பேன். தலைல கட்டியிருந்த துண்ட அவுத்து உதறித் தோள்ல போட்டா. வாசல் வரைக்கும் போயி, வேப்ப மரத்துகிட்ட நின்னு திரும்பிப் பாத்தா. சம்பளம் கேக்கப் போறான்னு நெனச்சேன். அவ கேட்டது வேற.

"மத்த வரிசைக்கும் இப்பமாவது தண்ணி விடுங்க மொதலாளி. இன்னும் தேறும். பிள்ளைய இருக்கப் போற கட்டடம்."

பாத்தியளா திமிர. வேல போன பெறகும் எனக்கு வேல சொல்லுதா.

ரயிலு இன்னும் வரல. இவன் எதுக்கு இவ்வளவு முன்னாடியே மூடுதான்? மணி பன்னெண்டு இருபதா? டிரைவர்ட்ட கேளுங்களேன், சுத்தி வேற வழி இருக்கான்னு. இல்லியா. சரி, இருக்கட்டும். நடந்தா முக்கா மணி நேரம். கல்லத் தூக்கிட்டு அதுவும் முடியாது.

மறுநாள், இருபத்தாறாம் நாள், அந்தப் பாசிக் கல்ல முதல்ல கண்ணு மறைவா ஆக்கணும்னு போனேன். உடைஞ்ச கல்லு எல்லாம் ஒரு மூலைல குவிச்சுப் போட்டிருப்போம். நடுக்களத்துல அஞ்சாறு கல்ல அடுக்கு மாத்தும்போது எடுத்து அங்கன வச்சிருந்தாவ, நல்ல கல்லுதான், உடையாதது. நான் ஒரு பாசிக் கல்ல எடுத்து, இருந்த கோவத்துல, தலைக்கு மேல தூக்கி அந்தக் குவியல்ல வீசுனேன்.

அது உடையல அண்ணாச்சி.

அது விழுந்த இடத்துல இருந்த எங்கல்லு ரெண்டு உடைஞ்சுது. ஒண்ணு ரெண்டாப் போச்சு, ஒண்ணு தூளாவே போச்சு. பாசிக் கல்லு உருண்டு வந்து எங்காலுகிட்ட கெடக்கு, ஒரு மூலகூட மழுங்கல. நான் அதயே பாத்துக்கிட்டு நின்னேன். பெறகு இன்னொரு பாசிக் கல்ல எடுத்து ரெண்டையும் தட்டுனேன். தட்டியிருக்கக் கூடாது. கணீர்னு வந்துது சத்தம். களத்துல ஜல்லி சலிச்சுக்கிட்டிருந்தவுக எல்லாரும் திரும்பிப் பாத்தாவ. சலிக்கத மட்டும் நிறுத்தல. எனக்கு அங்கயே பூமி பிளந்து உள்ள போயிரலாமான்னு இருந்துது.

என்ன காரணம்னு எனக்கு இப்பவும் வெளங்கல. அந்த வரிசைல கலவ நல்லா விழுந்திருக்கும். மொத நாள், மொதக் கலவ, நானே பக்கத்துல நின்னு போட்டது. அதுதான் காரணம்னு நெனைக்கேன். நடுக்களத்துக் கல்லும் அதே நாளு, அதே கலவதான்னு நீங்க கேப்பிய. ஆமா, அதே கலவதான். சொன்னேம்லா, வெளங்கலன்னு.

அன்னைக்கு ராத்திரி தூங்கல. நேத்து காலையில ஒரு முடிவுக்கு வந்தேன். வேலியோரத்துல மூணு கல்ல எடுத்தேன். கம்பி பிரஷ்ஷு போட்டுத் தேச்சேன். பாசி போயிட்டு, ஓரத்துல மட்டும் லேசாப் பச்ச நிக்கு. நீலப் பெயிண்ட் வாங்கி, 'செ'ன்னு எழுதி கீழ ஒரு கோடு இழுத்தேன். என்ன பெரிய கையெழுத்து அது? எங்க வீட்ல எருமைக்கு அடையாளம் போடுதது இத விடக் கஷ்டம். எல்லாம் என் களத்துக் கல்லுதான அண்ணாச்சி? வெளிய இருந்து வாங்கியா வச்சேன்? இதுல திருட்டு எங்க வந்துது? எனக்கே தெரியும் நீங்க என்ன நெனைக்கியன்னு. நம்ம வண்டில போகாம பஸ்ல வாறதும் அதுக்குத்தான். டிரைவருக்குத் தெரிஞ்சா சாயங்காலத்துக்குள்ள டீக்கடைக்குத் தெரியும். வீட்ல கல்யாண வீட்டுக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். வெள்ளச் சட்ட போட்டிருக்கேன் பாருங்க.

ஆங். அந்தச் சாக்கு. கேட்டுக்கிட்டே இருக்கிய. அதுல இருக்கதுதான் எஞ்சினியர் எழுதுன மூணு கல்லு. வீட்ல வச்சுட்டு வர முடியுமா? எவன் கண்ணுலயாவது பட்டுட்டா? ஓடைப் பாலத்துக்கிட்ட எறங்கி தண்ணிக்குள்ள போட்டுட்டு அடுத்த பஸ்ஸப் பிடிக்கலாம்னுதான் கெளம்புனேன். பாலம் வந்துது. எந்திரிச்சேன். கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பஸ்ஸு நிக்கல, நானும் விசில் குடுக்கச் சொல்லல. திரும்ப உக்காந்துட்டேன். அப்பம்தான் நீங்க ஏறுனிய.

இந்தா கண்டக்டர் வாறான். லக்கேஜா? மூணு கல்லுக்கு என்னப்பா லக்கேஜு? பிரிச்சுப் பாக்கணுமா, பாரு. அந்தச் சாக்க விடு, இந்தப் பையப் பாரு. பாத்து எடு, மூல மூல.

கேட்டியளா அண்ணாச்சி, தட்டுதான். இவனும் தட்டுதான். கல்லக் கையில எடுத்துட்டா எவனுக்கும் கை சும்மா இருக்காது.

"அருமையான கல்லா இருக்கே பெரியவரே. எங்கய்யா கொத்தனாரு, நானும் பத்து வருசம் சித்தாள் வேல பாத்தவன். இப்படிப் பேசுத கல்லக் கேட்டு எவ்வளவு நாளாச்சு. யாரு கைக் கல்லு இது?"

போயிட்டான். லக்கேஜும் போடாமப் போயிட்டான்.

பாத்தியளா நீங்க? நான் என்ன சொன்னேன்னு பாத்தியளா? ஒண்ணும் சொல்லல. முப்பது வருசமா ஊர்ல யாராவது யாரு கைக் கல்லுன்னு கேட்டா, அவன் கேட்டு முடிக்குததுக்குள்ள எம் பேரச் சொல்லிருவேன். இன்னைக்கு வாய் வரைக்கும் வந்துது. நாக்கு எழும்பல. அவன் நாலு செகண்டு எம் மொகத்தப் பாத்துக்கிட்டு நின்னான், நான் ஜன்னலப் பாக்கேன். எனக்கு இப்படி ஒருநாளும் ஆனதில்ல.

என்ன கேட்டிய? செவத்துல எந்தக் கல்லு போகும்னா? என்ன கேள்வி இது. பதினாலாயிரத்துல முன்னூறு போக மிச்சக் கல்லு போகும். நடுக்களத்துக் கல்லு. அது தெரிஞ்சதுதான. அதுக்கு என்ன இப்பம்? மேல பூசிருவாவ, வெள்ளையடிச்சிருவாவ, எழுத்து எழுதிருவாவ. பத்து வருசம் நிக்கும். நிக்காதுன்னு நீங்க எப்படிச் சொல்லுதிய? நீங்க என்ன வேல பாக்கிய? சரி, கோவிச்சுக்கிடாதிய. சத்தம் கூடிட்டு. எங்கொரலே அப்படித்தான்.

அதுவ ஏன் அண்ணாச்சி செவத்துல சாஞ்சு உக்காருதுவ? பெஞ்சு போடலாம்லா. பெஞ்சு போட்டா சாயுததுக்கு ஒண்ணுமில்ல, நேரா உக்காரும். எவனாவது சொல்லணும் அந்தப் பள்ளிக்கூடத்துல.

ரயிலு வந்துட்டு. கூட்ஸா? ஆமா, கரி வண்டி. துறைமுகத்துல இருந்து போகுது. இதத்தான் அந்தப் புகைக்கூண்டு இடத்துல எரிக்காவ. இதுதான் சாம்பலாகி எங்கிட்ட வருது. எத்தன பெட்டி பாருங்க, முடியவே மாட்டேங்கு. மணி பன்னெண்டு இருபத்தஞ்சு. கேட்டத் தொறந்தா லேபுக்குப் பத்து நிமிசம். நேரம் இருக்கு. நேரம் இல்லாமப் போயிருந்தா நல்லாருந்திருக்கும்னு ஒரு நிமிசம் தோணுச்சு, ஏன்னு தெரியல.

ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. இந்த மஞ்சப் பைக் கல்லு மிஷின்ல நிக்கும். நல்லாவே நிக்கும். எஞ்சினியர் சந்தோசப்படுவாரு. காகிதத்துல காசிலிங்கம் களம், தேறியதுன்னு எழுதுவாவ. ஊர்ல எல்லாரும் நம்புவாவ. ஒருத்தி மட்டும் நம்ப மாட்டா. காய்ஞ்ச கல்லு நிக்காதுன்னு தெரிஞ்சவ, எந்தக் கல்லு உடைபட்டுச்சுன்னு அவளுக்கு மட்டும் தெரியும். அவ சண்டைக்கு வரமாட்டா, ஊருக்குச் சொல்லமாட்டா, எனக்கு அவளத் தெரியும். சந்தைல என்னப் பாத்தா சும்மா ஒருதடவ பாத்துட்டுப் போவா, அவ்வளவுதான். அந்தப் பார்வைய நான் சாகுத வரைக்கும் வாங்கணுமா? ஒரு தண்ணி விடுதவ போட்ட பிச்சைல என் களம் தேறுனதா இருக்கணுமா? எங்கப்பா கல்லு போட்ட களம் அண்ணாச்சி அது.

முடியாது. என்னால அது முடியாது.

பிள்ளையளுக்காகன்னு நெனச்சிராதிய. எனக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, எங்க வீட்டுப் பிள்ள ஒண்ணுகூட அங்கன படிக்கல. இது என் ரோசம். அவ்வளவுதான்.

தொறந்துட்டான். எடுப்பா, வண்டிய எடு.

நான் இப்படிச் செய்யப் போறேன். எஞ்சினியர் எழுதுன கல்லத்தான் குடுக்கப் போறேன். உடையட்டும். உடைஞ்சா நேரா அவருட்டப் போயி, சார், இன்னும் இருபத்தெட்டு நாள் குடுங்க, நடுக்களம் பூரா தண்ணி விட்டுட்டுத் திரும்பக் கொண்டு வாறேன், அப்பவும் தேறலன்னா நானே லாரி வச்சு அள்ளிக் கொட்டிருதேன்னு சொல்லப் போறேன். குடுப்பாரா? தெரியாது. குடுக்காட்டிப் போகுது. காய்ஞ்ச கல்லு தண்ணி பட்டா இன்னும் தேறும், அது எனக்கே தோணுச்சு, இப்பம் இங்க உக்காந்திருக்கும்போதுதான். டேங்கருக்குச் சொல்லணும். சாக்கு வேணும், நெறையச் சாக்கு வேணும். அந்த டிரம்மும் அங்கனதான் கெடக்கு.

அவளக் கூப்பிட மாட்டேன். அத நான் செய்ய மாட்டேன். டேங்கர் வந்து நிக்கதப் பாத்துட்டு அவளா வந்தா, போன்னும் சொல்ல மாட்டேன். பதினாலாயிரம் கல்லு, ஒரு ஆளு எப்படி நனைக்க முடியும்? ஓஸ எடுத்துக் குடுக்க ஒருத்தர் வேணும்லா. அதுக்கு நான் நிப்பேன்.

இந்தா, பாலிடெக்னிக் வந்துட்டு. சாக்க எடுத்துருதேன், கொஞ்சம் வழி விடுங்க. நிறுத்துப்பா, எறங்கணும்.

இல்ல, அதத் தர வேண்டாம். மறக்கல. அந்த மஞ்சப் பைய நீங்க வீட்டுக்குக் கொண்டு போங்க. மூணையும் முக்கோணமா வச்சு மேல தண்ணிக் கொடத்த வைங்க, அலுங்காம நிக்கும். கொடத்துல இருந்து சொட்டுனா சொட்டட்டும், தொடைக்காதிய. அந்தப் பெயிண்ட மட்டும் சொரண்டிருங்க, அது பொய். உங்க வீட்டுக்கு எவனாவது வந்து, தட்டிப் பாத்துட்டு, யாரு கைக் கல்லுன்னு கேட்டா எம் பேரச் சொல்லிராதிய. ஆவுடைத்தாய்னு சொல்லுங்க. அடுத்தவ கல்லுக்கு எம் பேரு எதுக்கு?